மல்லிக்கு ஊற்றும் தண்ணீர்

வெண்டைக்குத் தண்ணீர் ஊற்றும்போது இல்லாத கூச்சம் மல்லிக்கு ஊற்றும்போது வந்துவிடுகிறது. வாளி அதேதான், குழாயும் அதேதான். வெண்டைப் பாத்தியில் நீர் இறங்குகையில் மனம் அமைதியாக இருக்கிறது. மல்லித் தூரின் பக்கம் வாளியைச் சாய்க்கும்போது மட்டும், யாரும் பார்க்கிறார்களா என்று கண் தெருப்பக்கம் ஒருமுறை போய்வருகிறது. யாரும் எதுவும் சொன்னதில்லை. சொல்லக்கூடியவர்களும் எங்கள் தெருவில் இல்லை. ஆனாலும் மாசி பிறந்து வெயில் ஏறத் தொடங்கினால் இந்தக் கூச்சமும் கூடவே வந்துவிடுகிறது. ஐப்பசி மழையில் அது இருந்த இடம் தெரிவதில்லை. காய்க்கிற செடிக்குத் தண்ணீர் கேட்க உரிமை உண்டு, பூக்கிற செடிக்கு ஊற்றுவது நாமாகப் பார்த்துக் காட்டும் தயவு என்று எனக்குள் எப்போதோ பதிந்துபோயிருக்கிறது. சில கோடைகளாக அதைச் சுற்றியே யோசனை போய்க்கொண்டிருக்கிறது. அது சரிதானா என்று பார்க்கத்தான் இதை எழுதத் தொடங்கினேன்.

எங்கள் ஊர் திருமங்கலத்துக்குத் தெற்கே, கரிசல் பூமி. மழைக்காலத்தில் காலோடு அப்பிக்கொண்டு வீட்டுக்குள் வரும் மண், பங்குனியில் பாளம் பாளமாக வெடித்து விரல் நுழைய இடம்விட்டுக் கிடக்கும். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் இடம் பெரிதில்லை. தைப்பட்டத்தில் வெண்டை, கத்தரி, கொத்தவரை; வேலியோரம் பாகலும் பீர்க்கும்; குப்பைக்குழிப் பக்கம் ஒரு பூசணி. வெண்டை விதையை ராத்திரி ஊறப்போட்டுக் காலையில் ஊன்றினால் ஐந்தாறு நாளில் மண்ணை முட்டிக்கொண்டு எழுந்துவிடும். கத்தரிக்கு அந்த அவசரம் இல்லை. நாற்றங்காலில் ஒரு மாதம் போல இருந்து, பிடுங்கி நட்ட பிறகு பல நாள் துவண்டு கிடந்து, இனி அவ்வளவுதான் என்று நாம் முடிவுகட்டிய பிறகு ஒரு காலையில் நிமிர்ந்து நிற்கும். அந்த நிமிர்ந்த நாற்றின் தண்டில் ஊதா ஓடியிருப்பதையும், இலையின் நடு நரம்பில் சின்ன முள் ஒன்று புதிதாக வந்திருப்பதையும் குனிந்து பார்ப்பது எனக்கு வருடாவருடம் கிடைக்கும் பெரிய சந்தோஷங்களில் ஒன்று. தக்காளியை இந்தப் பட்டத்தில் நான் நம்புவதில்லை. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டிவிட்டால் பூ காம்போடு உதிர்ந்துவிடும். கொத்தவரை பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. அது பாட்டுக்கு வளரும், அது பாட்டுக்குக் காய்க்கும்.

இவற்றுக்கு நடுவே, கத்தரிப் பாத்தியை ஒட்டி மல்லி. தங்கச்சிமடத்துப் பதியன். ராமேசுவரத் தீவின் அந்த மணலில் வேர்விட்ட குச்சிகள்தான் தமிழ்நாட்டின் பல மல்லித் தோட்டங்களுக்கும் போகின்றன. மல்லிக்குக் கரிசல் அவ்வளவாக ஒத்துவராது என்பதால் குழிக்குள் செம்மண்ணும் தொழுவுரமும் கொட்டித்தான் வைத்தது. கார்த்திகை கடைசியில் முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்து, தண்ணீரைக் குறைத்து, மார்கழி முழுவதும் வெறும் குச்சியாக நிற்கவிட்டு, தை போனதும் உரம் வைத்து நீர் காட்டினால், மாசியில் வெட்டுவாய்தோறும் இளந்தளிர் வரும். அது பச்சை என்றுகூடச் சொல்ல முடியாத ஒரு வெளிர்நிறம். நகம் பட்டால் முறிந்துவிடும். தளிரின் நுனியில் அரும்பு முதலில் கடுகு அளவுதான். பத்துப் பதினைந்து நாளில் பால்வெள்ளைக்கு வரும். காலையில் மொட்டாகப் பறித்து ஈரத்துணியில் போட்டுவைத்தால், பொழுது சாய்கையில் வீட்டுக்குள்ளேயே விரிந்துகொள்ளும். சமையலறையில் குழம்பு கொதிக்கிற வாசனையைத் தாண்டி அந்த வாசனை வந்து சேரும் நேரம் ஒன்று உண்டு. அப்போது வீட்டில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்துவதில்லை. குரல் மட்டும் கொஞ்சம் இறங்கும். இதை நான் கவனித்திருக்கிறேன்.

சரி, தண்ணீர்க் கணக்கு. ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது ஒரு லிட்டர். பங்குனி சித்திரை வெயிலில், நன்றாக இலை மூடிய பாத்தியிலிருந்து நாளொன்றுக்கு ஐந்தாறு மில்லிமீட்டர் நீர் இலைவழியும் மண்வழியும் ஆவியாகப் போய்விடும். அப்படியானால் பத்து சதுர மீட்டர் தோட்டத்துக்கு நாளைக்கு ஐம்பது அறுபது லிட்டர். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்தில் ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு என்று வைத்திருக்கும் அளவு 55 லிட்டர். குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் சேர்த்து. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த நாளிலிருந்து என் தோட்டத்தை வேறு கண்ணோடு பார்க்கிறேன். எங்கள் வீட்டில் ஒரு ஆள் கூடுதலாக இருக்கிறார். கோடை முழுவதும் அவருக்கும் ஒரு பங்கு போகிறது. அந்த ஆளை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. இருக்கட்டும் என்று சொல்லும் அதிகாரம் என்னிடம் எப்படி வந்தது என்பதுதான் தெரியவில்லை.

சட்டப்படி கேட்டால் பதில் எளிது. 1882-இல் வெள்ளைக்காரர்கள் எழுதிய ஈஸ்மென்ட் சட்டம் இன்னும் இருக்கிறது. தன் நிலத்துக்கு அடியில் கிடக்கும் நீரை எடுத்துக்கொள்ள நிலத்துக்காரருக்கு உரிமை என்கிறது அது. என் மனைக்குள் என் போர், என் மோட்டார், என் தண்ணீர். ஆனால் தரைக்குக் கீழே காம்பவுண்டு சுவர் கிடையாது. தெருமுனையில் ஊராட்சி போட்ட அடிகுழாயும் என் போரும் ஒரே ஊற்றிலிருந்துதான் எடுக்கின்றன. சித்திரையில் என் மோட்டார் ஓடுகிற நேரத்தில் அடிகுழாயில் கூடுதலாக நாலு அடி அடிக்க வேண்டியிருக்கிறதா என்று நான் அளந்து பார்த்ததில்லை. அளக்க வழியும் இல்லை. ஆனால் அந்தக் குழாயின் கைப்பிடி ஏறி இறங்கும் சத்தம் எங்கள் பின்கட்டு வரைக்கும் கேட்கும். காலை ஐந்தரைக்குத் தொடங்கும். அந்தச் சத்தம் கேட்கும்போதுதான் நானும் வாளியோடு நிற்பேன். என் கண் தெருப்பக்கம் போவதன் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் அதே சத்தம் வெண்டைக்கு ஊற்றும்போதும் கேட்கத்தான் செய்கிறது. வெண்டைக்குக் கூசாத கை மல்லிக்கு மட்டும் ஏன் கூசவேண்டும்?

போன பங்குனியில் ஒரு காலை. அடிகுழாயிலிருந்து தண்ணீர் எடுத்துப்போகும் பெண் ஒருத்தி, இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாக வந்தவள், எங்கள் வேலியோரம் நின்றாள். நான் அப்போது மல்லிக்குத்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன். வாளியைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை, ஊற்றவும் தோன்றவில்லை. “மதினி, அரும்பு எடுத்தா எனக்கு ஒரு கை வைங்க. மக பள்ளிக்கூடத்துல ஆண்டு விழா, தலை நிறைய வச்சுவிடணும்கிறா” என்றாள். “சாயங்காலம் வந்து வாங்கிக்க தாயி, கட்டியே வைக்கிறேன்” என்றேன். “கட்டுறதெல்லாம் நான் கட்டிக்கிறேன். நீங்க பறிச்சா போதும்” என்று சொல்லிவிட்டுக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். அந்தக் குடத்தின் வாயில் தண்ணீர் சிந்தாமலிருக்கப் போட்டிருந்த வேப்பிலைக்கொத்து நடைக்கு ஏற்றபடி அசைந்துகொண்டே போனது. நான் எந்தப் பார்வைக்குப் பயந்தேனோ அந்தப் பார்வை மல்லியைத்தான் கேட்டது. பாத்தி நிறைய வெண்டை நின்றது, அதைக் கேட்கவில்லை.

இதை வைத்து, பூவுக்கு ஊற்றுவது நியாயம்தான் என்று நிம்மதியாக முடித்துவிடலாம். என்னால் முடியவில்லை. அவளுக்கு வெண்டைக்காயும் தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் காயைக் கேட்பது வேறு, பூவைக் கேட்பது வேறு. எங்கள் பக்கத்தில் காய் கேட்டால் அது கைமாற்று. திருப்பிக் கொடுக்க வேண்டிய ஒன்று. வீட்டில் இல்லை என்று சொல்லிக்கொள்வதும்கூட. பூ கேட்பதில் அந்தத் தாழ்வு இல்லை. பணக்கார வீட்டுப் பெண்ணும் பக்கத்து வீட்டு வேலியில் கைநீட்டி இரண்டு பூ பறித்துக்கொள்வாள். கொடுக்கிறவர் பெரியவரும் இல்லை, வாங்குகிறவர் சிறியவரும் இல்லை. ஒரு தெருவில் மானக்குறைவு இல்லாமல் கேட்கக்கூடிய பொருள்கள் மிகக் குறைவு: நெருப்பு ஒரு காலத்தில் இருந்தது, மோர் இருந்தது, கறிவேப்பிலை இருந்தது. தண்ணீரும் இருந்தது. தண்ணீர் இப்போது அந்தப் பட்டியலில் இல்லை. பூ மிஞ்சி நிற்கிறது. அந்தத் தண்ணீரைத்தான் நான் பூவுக்கு ஊற்றுகிறேன் என்பதை மறக்க முடியவில்லை.

பூ எல்லோருக்கும் பொது என்றும் சொல்லிவிட முடியாது. என் அப்பத்தா இளம் வயதிலேயே தாலி இழந்தவர். அவர் கையால் வைத்த மல்லியும் பிச்சியும் அந்தப் பழைய வீட்டில் கொடிப்பந்தல் முழுக்கப் பூத்தன. கிணற்றில் இறைத்து, இடுப்பு நோக, அவர்தான் ஊற்றுவார். மாலையில் திண்ணையில் உட்கார்ந்து நாரை நனைத்து நனைத்துக் கட்டுவார். விரல் வேகத்துக்குக் கண் ஈடுகொடுக்காது. கட்டிய சரத்தை முழம்போட்டு அறுத்து வீட்டுப் பெண்கள் எல்லோர் தலையிலும் வைப்பார், சாமி படத்துக்கு வைப்பார், அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடுவார். அவர் தலையில் ஒரு பூவும் ஏறியதில்லை. ஏன் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. கேட்கக் கூடாத கேள்வி என்று குழந்தைகளாக இருக்கும்போதே எங்களுக்குத் தெரிந்திருந்தது. அவருக்கு அந்தச் செடியிலிருந்து என்ன கிடைத்தது என்று இப்போது யோசிக்கிறேன். கை முழுக்க வாசனை இருந்திருக்கும். ராத்திரி படுக்கும்போது அந்தக் கையைத்தான் தலைக்கு வைத்துக்கொள்வார். தலையில் சூடிக்கொள்வதற்காகத்தான் மல்லி என்றால், அவர் அத்தனை வருடம் தண்ணீர் இறைத்ததற்கு ஒரு காரணமும் இல்லை. ஆனால் அவர் நிறுத்தவில்லை.

தோட்டக்காரர்கள் இந்தச் சங்கடத்துக்கு ஒரு நல்ல பதில் வைத்திருக்கிறார்கள். பூ இல்லாமல் காய் இல்லை, ஆகவே பூச்செடிக்கு ஊற்றுவதும் காய்ச்செடிக்கு ஊற்றுவதுதான் என்பது அது. இதில் உள்ள உண்மையை நானே பார்த்திருக்கிறேன். கத்தரிப்பூவைக் கிட்டத்தில் பாருங்கள்: ஊதா இதழ்களின் நடுவே மஞ்சள் மகரந்தப்பைகள் குவிந்து நிற்கும். அந்தப் பைகள் மற்றப் பூக்களைப்போலப் பிளந்து பொடியைக் கொட்டுவதில்லை. நுனியில் ஊசித்துளை மட்டும்தான். காலை வெயிலில் ஒரு கருவண்டு வரும். பெரியது, இறக்கையில் நீலம் மின்னும். பூவைக் கால்களால் கவ்விக்கொண்டு தலைகீழாகத் தொங்கும். பறக்கும்போது இருந்த ரீங்காரம் நின்று, வேறு ஒரு சுருதியில், கூர்மையாக, விட்டுவிட்டு ஒரு அதிர்வு எழும். பூக்காம்பு நடுங்குவது தெரியும். அந்த அதிர்வில்தான் துளைவழியாக மகரந்தம் வண்டின் வயிற்றில் கொட்டுகிறது. சாதாரணத் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. ஆனால் கத்தரிப்பூவில் தேன் கிடையாது. ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. பறப்பதற்கு வேண்டிய தேனை வண்டு வேறு எங்காவதுதான் குடித்துவிட்டு வரவேண்டும்: துளசியில், சங்குப்பூவில், வேலியில் தானாக முளைத்த கொடியில். பூக்களெல்லாம் வெட்டிச்செலவு என்று பிடுங்கிவிட்டால் கத்தரிக்கு வரும் வண்டும் வேறு பக்கம் போய்விடும்.

வேலியில் படர்ந்தவை நேரம் பிரித்துக்கொண்டு பூக்கின்றன. பூசணி விடிகிற முன்பே விரிந்து வெயில் ஏறியதும் சுருங்கிவிடும். பாகல் காலைக்கு உரியது. பீர்க்கு மாலை நாலரை ஐந்துக்கு மேல் மஞ்சளாய் வரிசைகட்டும். சுரை வைத்திருந்தால் இருட்டுகிற நேரத்தில் வெள்ளையாக விரிந்து அந்திப்பூச்சிக்குக் காத்திருக்கும். எல்லாவற்றிலும் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் அடியில் பிஞ்சு முன்கூட்டியே உட்கார்ந்திருக்கும். வெயில் கடுமையானால் ஆண் பூக்களே மிகுந்து, பெண் பூ எப்போதோ ஒன்றாக வரும். வண்டு வராத நாளில் நானே ஆண் பூவைக் கிள்ளிப் பெண் பூவில் தடவிவிடுவதுண்டு. பூச்சி செய்ய வேண்டியதை விரலால் செய்வதில் ஏதோ ஒரு தனிமை இருக்கிறது. அதைச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

ஆக, துளசிக்கு ஊற்றலாம். சங்குப்பூவுக்கு ஊற்றலாம். செண்டுமல்லிக்கும் ஊற்றலாம். அதன் வேர் மண்ணில் நூற்புழுவைக் குறைக்கும், தக்காளிக்கு வரும் காய்ப்புழுவின் தாய்ப்பூச்சியைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும் என்று வேளாண் பல்கலைக்கழகமே பாத்தி ஓரம் நடச் சொல்கிறது. ஒவ்வொரு பூவுக்கும் ஒரு வேலை, ஒவ்வொன்றின் கையிலும் ஒரு சான்றிதழ். மல்லியிடம் அது இல்லை. நம் வீட்டு மல்லி பெரும்பாலும் விதை பிடிப்பதில்லை. மனிதக் கை ஒரு குச்சியை ஒடித்து மண்ணில் ஊன்றியதால் மட்டுமே அது தலைமுறை தலைமுறையாக இருந்துகொண்டிருக்கிறது. மொட்டாகவே பறித்துவிடுவதால் வண்டுக்கும் அதில் பங்கில்லை. கத்தரிக்கு அதனால் லாபமில்லை. நிலக்கோட்டையிலும் உசிலம்பட்டியிலும் அதே செடி ஒரு குடும்பத்தின் சோறு. மார்கழி தையில் பனி அடித்து வரத்து குறைந்தால் கிலோ ஆயிரக்கணக்கில் போகும். சித்திரையில் வரத்து பெருகி மாட்டுத்தாவணிச் சந்தையில் சில நூறுக்கு இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தில் பிள்ளைகளின் படிப்பும் மருந்துச் செலவும் ஏறி இறங்கும். அங்கே மல்லிக்கு ஊற்றுவதைப் பற்றி யாருக்கும் எந்தக் கூச்சமும் இருக்க முடியாது. என் வீட்டுப் பின்கட்டில் மட்டும்தான் அது எந்தக் காரணமும் இல்லாமல் நிற்கிறது.

காரணம் தேட வேண்டும் என்பதே எனக்கு இப்போது உறுத்துகிறது. வண்டுக்காக, புழுவுக்காக, சந்தைக்காக என்று சொல்லும்போதெல்லாம் பூவைக் காயின் வேலையாளாக்கித்தான் காப்பாற்றுகிறோம். அந்த வாதம் பூவைக் காப்பாற்றலாம். பூ நமக்கு ஏன் வேண்டும் என்பதை அது தொடவே இல்லை. திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் இருக்கிறது. பெரியாழ்வார் நந்தவனம் வைத்துப் பெருமாளுக்குத் துளசியும் பூவும் தொடுத்த ஊர். அந்த நந்தவனத்தில்தான் ஆண்டாள் கிடைத்ததாகச் சொல்வது. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் கோயில் பூந்தோட்டத்துக்கு என்றே நிலம் விட்ட செய்திகள் உண்டு. திருநந்தவனப்புறம் என்று அந்த நிலத்துக்குப் பெயர். தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கும் மாலை தொடுப்பவர்களுக்கும் அந்த விளைச்சலிலிருந்து படி. பூவுக்காக நெல் விளைந்திருக்கிறது. நெல்லை நியாயப்படுத்தும் வேலை பூவுக்கு இருக்கவில்லை. அந்தக் காலத்துக்குத் திரும்பவேண்டும் என்று சொல்லவில்லை. அந்த நந்தவனங்களில் நீர் இறைத்தவர்கள் யார், கோயிலுக்குள் வரமுடியாதவர்கள் யார் என்ற கேள்வியெல்லாம் இருக்கிறது. ஆனால் ஊர் முழுவதற்குமான நீரில் பூவுக்கும் ஒரு பங்கு என்று கல்லில் வெட்டி வைக்கும் அளவுக்கு நம்மிடம் ஒரு தெளிவு இருந்தது. சாமிக்கு என்று சொல்லிக்கொண்டால் இன்றும் எனக்குக் கூச்சம் வராது என்று நினைக்கிறேன். அப்படிச் சொல்லிக்கொள்ள விரும்பவில்லை.

முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியை இந்த இடத்தில் எல்லோரும் அழைத்துவருவார்கள். நானும் அவனை நினைத்துக்கொண்டதுண்டு. ஆனால் புறநானூற்றில் கபிலர் பறம்பு மலையைப் பற்றிச் சொல்வதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். உழாமலே மூங்கில் நெல்லும் பலாவும் வள்ளிக்கிழங்கும் தேனும் தந்த மலை. வானத்து மீன்களைப்போலச் சுனைகள் நிறைந்த மலை. அந்த மலையில் ஒருவன் கொடிக்குத் தேரைக் கொடுத்தான். கொடை பெரியதுதான். ஆனால் அவன் மலையில் யாரும் அன்று அடிகுழாயில் வரிசை நிற்கவில்லை. வறண்ட ஊரில், குடம் சுமப்பவர்கள் பார்க்க, ஒரு வாளி நீரைப் பூவுக்கு ஊற்றுவது அதைவிடச் சிக்கலான காரியம். 2019 கோடையில் சென்னையின் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வற்றி, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ஐம்பது தொட்டிப் பெட்டிகளில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வந்தது. அந்த மாதங்களில் சென்னையில் மாடித்தோட்டம் வைத்திருந்த தோழி ஒருத்தி எல்லாத் தொட்டிகளையும் காயவிட்டாள். கறிவேப்பிலையை வைத்துக்கொண்டாள். வேறு ஒன்றையும், ஒரு ரோஜாவை, யாருக்கும் சொல்லாமல், பல் தேய்த்த தண்ணீரை ஊற்றி வைத்துக்கொண்டாள். அதைச் சொன்னபோது அவள் குரலில் இருந்த குற்றவுணர்ச்சி எனக்கு அறிமுகமான ஒன்று.

பழைய வீடுகளில் பூச்செடிக்கு என்று தனித் தண்ணீர் பெரும்பாலும் கிடையாது. துவைகல்லிலிருந்து ஓடும் நீர் வாழைக்கும் சேம்புக்கும். குளித்த நீர் செம்பருத்திக்கும் கனகாம்பரத்துக்கும். அரிசி களைந்த நீர் மாட்டுக்கு, மாடு இல்லாத வீட்டில் மல்லிக்கு. காய்க்கு முதல் நீர், பூவுக்கு இரண்டாம் நீர் என்று ஒரு முறை இருந்தது. அதைப் பூவுக்குச் செய்த அவமரியாதை என்று நான் நினைக்கவில்லை. வீட்டில் மனிதர்கள் இருக்கும்வரை இரண்டாம் நீர் நிற்பதில்லை. எந்தக் கோடையிலும் பூவுக்கு ஒரு உத்தரவாதம் இருந்தது. இன்று அந்த வழியும் கொஞ்சம் அடைபட்டிருக்கிறது. சீயக்காயும் அரப்பும் போய்ச் சலவைத்தூள் வந்துவிட்டது. அந்தக் கார நீர் தொடர்ந்து விழுந்தால் மல்லி இலை நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இடையெல்லாம் மஞ்சளாக வெளுத்துவிடும். மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாமல் போவதால் வருவது அது. அன்னபேதியை லிட்டருக்கு ஐந்து கிராம் கரைத்து இலையில் தெளித்தால் தேறும். ஆனால் மறுபடி அதே நீர் விழுந்தால் மறுபடி வெளுக்கும். துணி அலசும் கடைசித் தண்ணீரை மட்டும் திருப்பிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. தூரைச் சுற்றித் தென்னைமட்டையும் சருகும் போட்டு மூடாக்கு வைத்தால் அந்த நீரும் நாலு நாள் நிற்கும். எங்கள் வீட்டில் மல்லிக்கு இப்போது பெரும்பகுதி இந்த நீர்தான். குழாய் நீர், பூ பிடிக்கும் மாசிக் கடைசியிலும் பங்குனியிலும் மட்டும்.

இவ்வளவு யோசித்த பிறகுதான் வெண்டைப் பக்கம் திரும்பிப் பார்க்கத் தோன்றியது. வெண்டையை இரண்டு நாளைக்கு ஒருமுறை பறிக்க வேண்டும். ஒரு நாள் தவறினால் நுனி ஒடியாது. இன்னொரு நாள் போனால் நார் ஏறிக் கத்தி இறங்காது. சித்திரையில் செடிகள் முழுவேகத்தில் காய்க்கும்போது எங்கள் வீட்டில் தின்று தீர்க்க முடிவதில்லை. கொஞ்சம் கொடுப்போம், கொடுக்கக் கூச்சம், வாங்கக் கூச்சம். மிச்சம் முற்றும். முற்றியதைப் பறித்துப் பூசணி நிற்கும் குழியில் போடுவோம். அந்தக் காய்கள் குடித்த தண்ணீரைப் பற்றி என் மனசாட்சி ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. காய் என்ற பெயரே போதுமானதாக இருந்தது. தோட்டத்தில் வீணான தண்ணீரில் மல்லியின் பங்கு எவ்வளவு என்று உண்மையாகக் கணக்குப் பார்த்தால் வெண்டைக்குப் பக்கத்தில்கூட அது வராது. உரிமையோடு குடித்தவற்றை நான் கேள்வி கேட்கவில்லை. தயவில் குடித்த ஒன்றைத்தான் வருடக்கணக்காக விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இந்தத் தைப்பட்டத்தில் வெண்டையில் பாதி வரிசையைக் குறைத்துவிட்டேன். அந்த இடம் சருகு போட்டுச் சும்மா கிடக்கிறது. மல்லியைக் குறைக்கவில்லை. அதனால் அடிகுழாயில் ஒருவருக்கு ஒரு குடம் கூடுதலாகக் கிடைத்துவிடும் என்று நான் நம்பவில்லை. கைப்பிடிச் சத்தம் அப்படியேதான் கேட்கிறது, அதைக் கேட்டுக்கொண்டே ஊற்றத்தான் வேண்டியிருக்கிறது. பின்கட்டில் நாலு பாத்தி வைத்திருப்பவர்களிடம் கேட்பது ஒன்றுதான். இந்தக் கோடையில் தண்ணீர்க் கணக்கு எடுக்கும்போது பூவில் தொடங்காதீர்கள். குப்பைக்குழியில் முற்றிக் கிடக்கும் காயிலிருந்து தொடங்குங்கள்.